கம்பத்தில் படகு இல்லாத வீடு

என் அண்ணியைப் பற்றிச் சொல்ல வேண்டுமென்றால் அவளுடைய வாயிலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும். ஏரித் தெருவில் அந்த வாயில் விழாத ஆள் கிடையாது. படகுக்குத் தார்ப்பாய் தைக்கக் கொடுத்துவிட்டு மறுநாளே "ஆச்சா, ஆச்சா?" என்று வந்து நிற்பவனிடம், "ஏன், ஒரு நாள் நனைஞ்சா உன் படகு கரைஞ்சு போயிடுமா? போ, போய் வேலயப் பாரு" என்பாள். வாங்கிக் கட்டிக்கொண்டவன் சிரித்துக்கொண்டேதான் போவான். அவள் தைத்த பாயில் ஒரு சொட்டு ஒழுகாது என்று அவனுக்குத் தெரியும்.

எனக்கும் அவளுக்கும் ஒரே வயது. என் ஒரே அண்ணனைக் கட்டிக்கொண்டு வந்ததால் அண்ணி ஆகிவிட்டாள், அவ்வளவுதான். என்னை அவள் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. "நாத்தனாரம்மா வந்திருக்காங்க, எல்லாரும் எந்திரிச்சு நில்லுங்க" என்பாள். வீட்டில் எழுந்து நிற்க வேறு ஆளே இருக்காது. பிள்ளைகள் இல்லாத வீடு.

வீட்டின் முன்னறை முழுக்க தார்ப்பாய். நடுவில் இரும்பு உடம்போடு, காலால் மிதிக்கிற ஒரு பழைய தையல் இயந்திரம். தைத்து முடித்த பாயின் ஓரத்தில் ஓட்டை போட்டு, கயிறு கோக்கும் பித்தளை வளையத்தை வைத்துச் சின்னச் சுத்தியலால் அடிப்பாள். அந்தச் சுத்தியல் எந்நேரமும் அவள் இடுப்பில்தான் செருகியிருக்கும். கடைக்குப் போனாலும் அதோடுதான் போவாள். "யாரை அடிக்கக் கிளம்பிட்டீங்க?" என்று அண்ணன் கிண்டல் செய்வார். மனைவியை வாங்க போங்க என்று பேசுகிற ஆளை நான் அவரிடம்தான் பார்த்தேன். பயத்தில் வந்த மரியாதை என்று நான் சொல்வேன்.

அண்ணனுக்குக் குடிநீர் நிலையத்தில் இரவு வேலை. மோட்டார்களின் இரைச்சலில் ராத்திரியெல்லாம் விழித்திருந்துவிட்டு, காலையில் வந்து படுத்தால் மாலை வரை அடித்துப் போட்ட மாதிரி தூங்குவார். தார்ப்பாய் கேட்டு வருகிறவர்கள் கதவைத் தட்டித் தட்டி அவர் தூக்கத்தைக் கெடுப்பார்கள் என்று, வெளியே போகும்போதெல்லாம் அண்ணி வெளிப்பக்கம் பூட்டுப் போட்டுவிட்டுப் போவாள். இன்னொரு சாவி உள்ளே ஆணியில் தொங்கும். கதவை ஒட்டிய சன்னல் வழியாகவே அவரால் அந்தப் பூட்டை எட்டித் திறந்துவிட முடியும். அதனால் அதை யாரும் பெரிதாக நினைத்ததில்லை.

எங்கள் தெருவைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும், இல்லையென்றால் நடந்தது புரியாது. வீடுகள் எல்லாம் ஏரியைப் பார்த்து நிற்கும். ஒவ்வொரு வீட்டுக்கு முன்னாலும் தண்ணீரில் ஒரு கம்பம், கம்பத்தில் அந்த வீட்டுப் படகு. பஸ் போகிற சாலை வீடுகளுக்குப் பின்னால், மேட்டுக்கு மேலே இருக்கிறது. அங்கே ஏறிப் போக அலுத்துக்கொண்டு எல்லோரும் எங்கே போனாலும் படகில்தான் போவார்கள். அதனால் ஒரு வீட்டில் ஆள் இருக்கிறதா இல்லையா என்று தெரிந்துகொள்ள எங்கள் தெருவில் யாரும் கதவைத் தட்டுவதில்லை. கம்பத்தைப் பார்ப்பார்கள். படகு இருந்தால் ஆள் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. தபால்காரர்கூட அப்படித்தான், படகு இல்லாத வீட்டைத் திரும்பியும் பார்க்காமல் போய்விடுவார்.

அன்று காலை, எங்கள் தெருவிலேயே வீட்டோடு கடை வைத்திருந்த ரொட்டிக்கடைக்காரர் அண்ணியிடம் படகு கேட்டு வந்தார். அவருடைய படகு தார் பூசக் கரையேறிக் கிடந்தது. எதிர்க்கரைக்குப் போய் மாவு மூட்டை ஏற்றி வர வேண்டும்.

"மதியத்துக்குள்ள கொண்டாந்துடுவேன் தங்கச்சி" என்றாராம்.

"எடுத்துட்டுப் போங்கண்ணே. மாவெல்லாம் கொட்டி வெள்ளையடிச்சுக் கொண்டாராதீங்க" என்றாளாம் அண்ணி.

அவளுக்குப் பித்தளை வளையம் வாங்க நகரத்துக்குப் போக வேண்டியிருந்தது. அண்ணன் உள்ளே தூங்கும்போது அவள் மட்டும் படகை எடுப்பதில்லை, அன்றும் மேடேறி பஸ்ஸில்தான் போனாள். போகும்போது வழக்கம்போல் கதவைப் பூட்டினாள். உள்ளே அண்ணன் தூங்கிக்கொண்டிருந்தார்.

மின்கசிவு என்று பிற்பாடு சொன்னார்கள். மதியம் சாய்கிற நேரத்தில் கூரையில் புகை வந்தது. தார்ப்பாயும் மெழுகு நூலும் நிறைந்த வீடு, பிடித்ததும் குபீரென்று எரிந்துவிட்டது. தெருவே வாளியோடு ஓடி வந்தது. இந்த ஜனங்களை நான் குறை சொல்ல மாட்டேன், ஆபத்தென்றால் போட்டது போட்டபடி ஓடி வருகிறவர்கள்தான். வந்தார்கள், கம்பத்தைப் பார்த்தார்கள். படகு இல்லை. கதவைப் பார்த்தார்கள். பூட்டு.

"படகு இல்ல! உள்ள யாரும் இல்ல!"

முதலில் யார் கத்தியது என்று இன்றுவரை தெரியாது. எல்லோரும்தான் கத்தினார்கள். அடுத்தடுத்த வீடுகளையாவது காப்பாற்றலாம் என்று பக்கத்துக் கூரைகளில் தண்ணீர் ஊற்ற ஆரம்பித்தார்கள். நல்ல வேளை, வீட்டில் ஆளில்லை என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்களாம்.

அப்போதுதான் ஏரியில் அந்தப் படகு வந்தது. அண்ணியின் படகு. நீலப் பாய் போர்த்தியது, தெருவில் எல்லோருக்கும் தெரியும். துடுப்புப் போட்டுக்கொண்டு வந்தவர் ரொட்டிக்கடைக்காரர். படகில் வேறு யாரும் இல்லை. கரையில் நின்றவர்களின் கை வாளியோடு அப்படியே நின்றுவிட்டதாம். நெருப்புச் சத்தம் மட்டும்தான்.

அவர் நடுத் தண்ணீரிலேயே குதித்தார். நீந்திக் கரையேறி, பூட்டைக் கல்லால் உடைத்து, எரிகிற கதவைக் கையாலேயே தள்ளிக்கொண்டு உள்ளே போனார். அண்ணனைத் தூக்கிக்கொண்டுதான் வெளியே வந்தார். ஆனால் எல்லாம் முடிந்திருந்தது. புகையிலேயே போய்விட்டார், தூக்கம் கலையவே இல்லை என்று டாக்டர் சொன்னார். அதை நான் இறுக்கிப் பிடித்துக்கொண்டிருக்கிறேன். எனக்கு வேறு பிடி இல்லை.

நான் நகரத்து ஆஸ்பத்திரியில் துணி வெளுக்கும் பிரிவில் வேலை பார்க்கிறேன். செய்தி வந்து நான் ஓடிப் போய்ச் சேர்ந்தபோது அண்ணியும் மேட்டிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தாள், கையில் வளையப் பொட்டலத்தோடு. மிதந்துகொண்டிருந்த படகை யாரோ பிடித்து, பழக்கத்தில் அதே கம்பத்தில் கட்டியிருந்தார்கள். அண்ணி எரிந்த வீட்டைப் பார்த்தாள். கம்பத்தைப் பார்த்தாள்.

"படகு எப்ப வந்துச்சு?" என்றாள்.

ரொட்டிக்கடைக்காரர்தான், வெந்த கையை முன்னால் நீட்டியபடியே, "இப்பத்தான் தங்கச்சி. அக்கரையில ரெண்டு வார்த்த பேசிட்டு நின்னுட்டேன்" என்றார்.

அண்ணி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அன்றிலிருந்து அவரிடம் ஒரு வார்த்தை பேசவில்லை.

அவளை என் வீட்டுக்கு அழைத்துக்கொண்டு போனேன். சாம்பலைக் கிளறியதில் இயந்திரத்தின் இரும்பு உடம்பு மட்டும் கிடைத்தது. மண்ணெண்ணெய் ஊற்றித் துருவைச் சுரண்டினாள், புதுப் பலகையும் பட்டையும் போட்டாள். கரகரவென்று ஒரு சத்தத்தோடு அது மறுபடி ஓடியது. "உன் குரல் மாதிரியே இருக்கு நாத்தனாரம்மா" என்றாள். அண்ணன் போன பிறகு அவள் சொன்ன முதல் கிண்டல் அது. நான் அடுக்களைக்குள் போய் அழுதேன்.

தெரு சேர்ந்து பழைய இடத்திலேயே ஒரு அறை கட்டிக்கொடுத்தது. அவள் அங்கே திரும்பிப் போனாள். எல்லோரிடமும் பேசினாள், பழையபடி ஏசினாள்கூட. ரொட்டிக்கடைக்காரர் எதிரே வந்தால் மட்டும் அங்கே ஆளே இல்லாத மாதிரி நடந்துவிடுவாள். அந்த மனிதர் உருக்குலைந்து போனார். கை ஆறியது, தழும்போடு. ஆனாலும் அடுப்பைப் பற்ற வைக்கவில்லை, கடை மூடியே கிடந்தது. தண்ணீரில் கால் வைக்க மாட்டேன் என்று விட்டார். அவர் மனைவிதான் தங்கள் படகை ஓட்டிக்கொண்டு போய் அக்கரையில் வேலை செய்து குடும்பத்தைப் பார்த்தாள். ஒருநாள் என்னிடம் வந்து நின்றாள்.

"உங்க அண்ணி ஒரு வார்த்த திட்டினாக்கூட போதும்க்கா. இந்த மனுஷன் சாப்பிடறதே இல்ல. எனக்குப் பயமா இருக்கு."

எனக்கே ஆத்திரமாகத்தான் இருந்தது. அவர் செய்தது என்ன கொலையா? கேட்டு வாங்கிக்கொண்டு போனார், வரத் தாமதமாகிவிட்டது. நெருப்பில் நுழைந்த ஒரே ஆளும் அவர்தான். நேராக அண்ணியிடம் போய்க் கேட்டேன்.

"அந்த ஆளு செத்துத் தொலைஞ்சாத்தான் உங்களுக்கு நிம்மதியா?"

அண்ணி தைப்பதை நிறுத்தினாள். "அவர் மேல இருக்கிற கோவத்த விட்டுட்டேன்னு வை" என்றாள். "அப்புறம் அது எங்க போகும்? பூட்டினது யாரு? நான்தானே. அது நேரா எங்கிட்டத்தான் வரும். என்னால தாங்க முடியாதுடி."

என்னை 'டி' போட்டு அவள் கூப்பிட்டது அன்றுதான். அதன்பின் நான் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. ரொட்டிக்கடைக்காரரின் மனைவியிடம் சொல்லவும் எனக்கு வாய் வரவில்லை.

அந்தப் படகை அவள் தொடவில்லை. யாரையும் தொடவிடவும் இல்லை. அவிழ்த்து விற்றுவிடலாமா என்று கேட்டவனை முறைத்த முறையில் அவன் வேறு தெரு வழியாகப் போனான். கட்டிய இடத்திலேயே நின்று, மழையில் தண்ணீர் நிறைந்து, பாதி முழுகிக் கிடந்தது. கம்பத்தில் படகு இருந்தால் வீட்டில் ஆள் இருக்கிறது என்றுதானே எங்கள் தெருவில் அர்த்தம். அதைப் பார்க்கும்போதெல்லாம் அண்ணன் உள்ளே தூங்குவதாகவே எனக்குத் தோன்றும். அவளுக்கும் அப்படித்தான் தோன்றியிருக்க வேண்டும்.

மழைக்காலம் முடிந்த பிறகு ஒரு காலையில் நான் அவளுக்குப் பாயின் மறுமுனையைப் பிடித்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். வெளியே ஒரே கூச்சல். எட்டிப் பார்த்தால் ரொட்டிக்கடையிலிருந்து புகை. கூரை இடுக்கு, சன்னல் சந்து எல்லாவற்றிலும் கரும்புகை வருகிறது. ஜனம் ஓடி வந்தது. வந்ததும் எல்லோருடைய கண்ணும் எங்கே போனது? கம்பத்துக்குத்தான். படகு இல்லை.

"படகு இல்ல, உள்ள…" என்று யாரோ ஆரம்பித்தார்கள். பாதியிலேயே அந்த வாய் மூடிக்கொண்டது.

அதற்குள் என் அண்ணி ஓடிவிட்டாள். செருப்பில்லை, தலைமுடி அவிழ்ந்து தொங்குகிறது, இடுப்பிலிருந்து சுத்தியலை உருவிக்கொண்டு ஓடுகிறாள். அவள் அப்படி ஓடி நான் பார்த்ததில்லை. கதவை உதைத்தாள், திறக்கவில்லை. "உள்ள யாரு? உள்ள யாரு?" என்று கத்திக்கொண்டே கதவுக் கண்ணாடியைச் சுத்தியலால் உடைத்தாள். உள்ளே கைவிட்டுத் தாழ்ப்பாளை இழுத்தாள். கண்ணாடி கிழித்து முழங்கை வரை ரத்தம். புகைக்குள் போனாள், நாங்கள் பின்னாலேயே போனோம்.

உள்ளே ரொட்டிக்கடைக்காரர் நின்றுகொண்டிருந்தார். கையெல்லாம் மாவு, கண்ணில் நீர் வழிய இருமிக்கொண்டு. எங்கும் தீ இல்லை. யாரிடமும் சொல்லாமல் அன்றைக்குத்தான் அடுப்பைப் பற்ற வைத்துப் பார்த்திருக்கிறார் மனிதர். மூடிக் கிடந்த மாதங்களில் புகைபோக்கிக்குள் பறவைகள் கூடு கட்டி அடைத்துவிட்டன. புகை முழுக்க அறைக்குள்ளேயே திரும்பிவிட்டது. மனைவி வழக்கம்போல் படகை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போயிருந்தாள்.

அண்ணி அவர் சட்டையைப் பிடித்து இழுத்து வெளியே கொண்டுவந்தாள். வெளிச்சத்தில் அவரை நிறுத்தினாள். மேலும் கீழும் பார்த்தாள். அப்புறம் அவர் நெஞ்சில் இரண்டு கையாலும் குத்த ஆரம்பித்தாள்.

"உள்ள இருந்தா ஒரு குரல் குடுக்கக் கூடாதா? இவ்வளவு பேரு கத்தறோம், காதுல விழலையா? அப்படி என்ன தூக்கம்? எந்திரிச்சு வர வேண்டியதுதானே! எந்திரிச்சு வந்திருக்கலாமே நீங்க!"

ரொட்டிக்கடைக்காரர் தூங்கவில்லை என்பது அங்கே நின்ற அத்தனை பேருக்கும் தெரியும். அவள் யாரைத் திட்டுகிறாள் என்பதும் தெரியும். அவர் அசையாமல் நின்று அத்தனை அடியையும் வாங்கிக்கொண்டார். அண்ணன் போன நாளிலிருந்து அவள் அழுது நான் பார்க்கவில்லை. அன்று அழுதாள், தெரு நடுவில் உட்கார்ந்து, வாய்விட்டு அழுதாள். நானும் பக்கத்தில் உட்கார்ந்து அழுதேன். என் அண்ணன் அல்லவா.

இப்போதெல்லாம் எங்கள் தெருவில் படகை இரவல் கொடுப்பவர் வாசலில் நின்று, "படகு போகுது, நான் வீட்டுலதான் இருக்கேன்" என்று நாலு வீட்டுக்குக் கேட்கிற மாதிரி கத்துவார். புதிதாக வருகிறவர்கள் சிரிப்பார்கள். நாங்கள் சிரிப்பதில்லை.

அன்று அழுது ஓய்ந்ததும் அண்ணி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அவள் கைக்கு நான் கட்டுப் போட்டேன். ரொட்டிக்கடைக்காரர் இன்னும் அதே இடத்தில்தான் நின்றுகொண்டிருந்தார். அவள் அவரைப் பார்க்காமல் ஏரியைப் பார்த்துச் சொன்னாள்.

"படகுல தண்ணி நெறஞ்சு கெடக்குண்ணே. வந்து இறைச்சு விடுங்க. வேற யாரையும் நான் தொட விடல."

அவர் வாளியை எடுத்துக்கொண்டு, அத்தனை மாதங்களுக்குப் பிறகு, தண்ணீரில் இறங்கினார்.