ருக்மிணி சாப்பிட்ட நாள்

பனிக்காலத்தில் ராமகிருஷ்ணபுரம் குவார்ட்டர்ஸின் ஜன்னலுக்கு வெளியே மரங்கள் இருக்காது. மூடுபனியின் வெண்மை மட்டும் இருக்கும். ருக்மிணி ரஜாய்ப் போர்வைக்குள் கையை விட்டு, ஒன்பது வயது மகள் ராஜியின் முழங்கால்களைத் தொட்டுப் பார்ப்பாள்.

"வலிக்கறதாடி?"

"நஹீம்மா. அச்சா இருக்கு."

குழந்தைகளுக்கும் மூட்டுவாதம் வரும் என்பதே ருக்மிணிக்கு தில்லியில்தான் தெரிந்தது. டாக்டர் தந்த மாத்திரைகளுக்கு மேல், தன் பங்குக்கு மலை மந்திர் கோவில் முருகனோடு ஓர் ஏற்பாடு செய்துகொண்டிருந்தாள். ராஜிக்கு வலிக்கிற நாளில் ருக்மிணி பொழுது சாயும்வரை சாப்பிடமாட்டாள்.

கணவர் சேஷன் கடிந்துகொண்டால், "உங்களுக்கென்ன, ஆபீஸ் கான்டீன் இருக்கு. பேசாம போங்கோ" என்பாள்.

அந்தக் குளிர்காலத்தில் ராஜி வலியென்று சொல்லவே இல்லை. முருகன் இரங்கிவிட்டான் என்று ருக்மிணி நம்பினாள். டாக்டர் நம்பவில்லை. ரத்தப் பரிசோதனை வேறு மாதிரி சொல்கிறது, வீக்கத்தை மறைத்தால் மூட்டு இறுகிப்போய்விடும் என்று சொல்லி, ஆஸ்பத்திரியில் சனிக்கிழமைதோறும் நடந்த தியான வகுப்புக்கு இருவரையும் அனுப்பினார்.

குழந்தைகளும் அம்மாக்களும் ஜமக்காளத்தில் படுத்துக் கண்களை மூடிக்கொள்ள வேண்டும். வகுப்பை நடத்திய லீலாவதி திருநெல்வேலிப் பெண். எல்லோருக்கும் இந்தியில் சொல்லிவிட்டு இவர்களிடம் தமிழில் சொல்வாள்.

"வலியை விரட்டாதீங்க. எங்கே இருக்குன்னு மட்டும் பாருங்க. அம்மா, நீங்களுந்தான்."

முதல் நாள் ருக்மிணி தூங்கிப்போனாள்.

"நீ குறட்டை விட்டேம்மா! எல்லாரும் சிரிச்சா."

"போடி, அது பிராணாயாமம்."

பிறகொரு சனிக்கிழமை. ஈரக் கண்ணாடி வழியே வெயில் கரைந்து உள்ளே வந்தது. இத்தனை பேரின் மூச்சில் அந்த அறையே மெல்ல ஏறி இறங்குவது போலிருந்தது. ருக்மிணியின் கால்கள் எங்கோ தண்ணீரில் மிதந்துகொண்டிருந்தன. லீலாவதி ஒவ்வொரு குழந்தையின் பக்கத்திலும் உட்கார்ந்து, உள்ளே என்ன தெரிகிறது என்று கேட்டுக்கொண்டே வந்தாள்.

அம்மா தூங்கிவிட்டாள் என்று நினைத்தாளோ என்னவோ, ராஜி கண் திறக்காமல் மெல்லச் சொன்னாள்: "வலது மணிக்கட்டுல ஒரு பல்பு எரியறது ஆன்ட்டி. தினம் எரியறது. அம்மாகிட்ட சொல்லாதீங்கோ. அப்புறம் அவ சாப்பிடமாட்டா."

ருக்மிணியும் கண் திறக்கவில்லை. மூச்சு நெஞ்சிலேயே நின்றுவிட்டது. கண்ணீர் வழிந்து காதோரம் இறங்கியது. ஒரு கை வந்து அவள் தோளில் அமர்ந்தது.

"விடுங்கம்மா," என்றாள் லீலாவதி. "மூச்சை விடுங்க."

மறுநாள் காலை ருக்மிணி முழங்காலைத் தொடவில்லை. "வலிக்கறதா?" என்று மட்டும் கேட்டாள்.

ராஜி வெகுநேரம் அம்மாவின் முகத்தையே பார்த்தாள். பிறகு ஸ்வெட்டர் கையை மெல்ல ஏற்றினாள். மணிக்கட்டு வீங்கிச் சுட்டது.

"ரொம்ப."

"சரி. நாளைக்கு டாக்டர்கிட்ட காட்டலாம்." ருக்மிணி அந்தக் கையை மடியில் வைத்துக்கொண்டாள். அழவில்லை, எண்ணெய் காய்ச்ச ஓடவில்லை. வெளியே மரங்கள் ஒவ்வொன்றாக வெண்மையிலிருந்து திரும்பி வந்தன.

மத்தியானம், சேஷன் வெளியே போயிருக்க, தனக்கும் ராஜிக்குமாக இரண்டு தட்டு வைத்தாள். முதல் கவளத்தில் கை நின்றது. முருகன் என்ன நினைப்பானோ என்று இருந்தது. எதிரே ராஜி பார்த்துக்கொண்டிருந்தாள். ருக்மிணி சாப்பிட்டாள். ரசம் விட்டுக்கொண்டு இன்னும் கொஞ்சம் சாப்பிட்டாள்.

ராஜி இடது கையால் ஓர் அப்பளத்தை எடுத்து அம்மாவின் தட்டில் வைத்தாள். வேறொரு நாளாயிருந்தால் திட்டு விழுந்திருக்கும். ருக்மிணி அதை நொறுக்கிச் சாதத்தோடு பிசைந்துகொண்டாள்.