நீர்க்காவலர் அமுதவல்லி

உலகத்தைக் காப்பாற்றுகிற வேலை தலையில் வந்து விழுந்தபோது அமுதவல்லி ஒன்பதாம் வகுப்பில் இருந்தாள். அவளாகப் போய்க் கேட்கவில்லை. சுனாமி வந்துபோன அடுத்த ஜூனில், மரக்காணத்து உப்பளங்களை ஒட்டியிருந்த அந்த உயர்நிலைப் பள்ளிக்கு ஒரு வெள்ளை வேன் வந்தது. அந்த வருஷம் ஈசிஆர் சாலையில் வேன் வராத நாள் எது? பாய் கொடுக்க ஒரு வேன், படகு கொடுக்க ஒரு வேன், அழுகிறவர்களுக்கு ஆறுதல் சொல்ல ஒரு வேன், ஆறுதலைச் சரியாகச் சொன்னார்களா என்று விசாரிக்க இன்னொரு வேன். இந்த வேனில் வந்தவர்கள் பாயும் கொடுக்கவில்லை, படகும் கொடுக்கவில்லை. தலைவர்களை உருவாக்கப் போவதாகச் சொன்னார்கள். பல நாட்டு உயர்நிலைப் பள்ளிகளை ஒன்றோடொன்று சேர்த்து, பிள்ளைகளை வைத்தே பூமியைக் காப்பாற்றும் திட்டமாம். ‘இளம் பூமித் தலைவர்கள்’ என்று அதற்குப் பெயர். அந்தப் பள்ளிக்கு ஜோடியாக நார்வேயில் ஒரு பள்ளி கிடைத்தது.

தலைமை ஆசிரியர் காசிலிங்கத்துக்கு வெளிநாடு என்று காதில் விழுந்தாலே போதும், தானாகக் கை போய்ச் சட்டைக் காலரைச் சரிசெய்யும். “எங்க ஸ்கூல்ல எல்லாருமே லீடருங்கதான் சார்” என்று வேன்காரர்களிடம் அடித்துவிட்டார். பிறகு ஒன்பதாம் வகுப்புக்குள் நுழைந்து, “பயப்படாம இங்கிலீஷ்ல நாலு வரி பேசறது யாரு?” என்று கேட்டார். ஒருவரும் வாய் திறக்கவில்லை. அமுதவல்லி மட்டும் இருமினாள். “நீதான்” என்றார். ஜனநாயகம் அவ்வளவு சீக்கிரம் முடிந்துபோனது.

அவள் அம்மா அருக்காணி உப்பளத்தில் உப்பு வாரும் கூலி வேலை பார்ப்பவள். மகள் லீடரான செய்தியை அடுப்பு ஊதிக்கொண்டே கேட்டாள்.

“லீடருக்கு என்னா தருவாங்க?”

“பேட்ஜும்மா.”

“அத்த வச்சி என்னாடி பண்றது?”

“சட்டையில குத்திக்கிறது.”

“நல்லா குத்திக்கினு போ. அரிசி ஊற வச்சியா இல்லியா?”

இளம் பூமித் தலைவர்கள் செய்த முதல் காரியம் என்ன தெரியுமா? பள்ளிக்குப் பின்னால் இருந்த வேலிக்காத்தான் புதரை வெட்டி எறிந்தார்கள். அது அந்நியச் செடியாம், நிலத்தடி நீரை உறிஞ்சுகிறதாம், மண்ணுக்கு எதிரியாம். எல்லாம் உண்மைதான், யார் இல்லை என்றது? ஆனால் அந்தப் புதருக்கு இன்னொரு உத்தியோகமும் இருந்தது. அந்தப் பள்ளியில் பெண் பிள்ளைகளுக்குக் கழிப்பறை கிடையாது. எப்போதோ கட்டிய ஒன்றில் கதவும் இல்லை, தண்ணீரும் இல்லை, உடைந்த பெஞ்சுகளைப் போட்டு அடைத்திருந்தார்கள். பெண் பிள்ளைகள் இடைவேளையில் இரண்டு பேராகச் சேர்ந்து அந்த முள்ளுக்குள்தான் போய்விட்டு வருவார்கள். ஒருத்தி காவல், ஒருத்தி உள்ளே. காலில் முள் குத்தும், பாம்பு பயம் உண்டு, இருந்தாலும் மறைவு மறைவுதானே. பையன்களுக்கு இந்தக் கவலையே இல்லை, காம்பவுண்டுச் சுவர் நீளத்துக்கும் அவர்களுடையதுதான்.

கத்தியை முதலில் எடுத்தவள் அமுதவல்லி. லீடர் ஆயிற்றே! கைதட்டினார்கள், போட்டோ எடுத்தார்கள். சாயங்காலத்துக்குள் புதர் போய், கடல் வரைக்கும் வெட்டவெளியாகிவிட்டது. அந்த இடத்தில் வேம்பும் புங்கமும் நட்டார்கள். ஒவ்வொன்றும் முழங்கால் உயரம். மறுநாள் இடைவேளை மணி அடித்ததும் பெண் பிள்ளைகள் எல்லாரும் வழக்கம்போலப் பின்பக்கம் போனார்கள், வேப்பங்கன்றுகளைப் பார்த்தார்கள், ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்தார்கள். “லீடரம்மா, எங்கடி போறது இப்ப?” என்று தமிழ்நிலா கேட்டாள். அவள் அமுதவல்லிக்குப் பக்கத்து பெஞ்சு. அமுதவல்லிக்கு அவமானத்தில் காது சுட்டது.

வழி ஒன்றுதான் இருந்தது. தண்ணீர் குடிக்காமல் இருப்பது. காலையில் கஞ்சியோடு சரி, அப்புறம் பள்ளி விடப்போகிற நேரம்வரை வாயில் ஒரு சொட்டு கிடையாது. உப்பளத்து வெயிலில் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். வகுப்பில் சாமுண்டீஸ்வரி டீச்சர், “தண்ணீர் இன்றி உயிர் இல்லை” என்று போர்டில் எழுதுவார், பெண் பிள்ளைகள் வறண்ட தொண்டையோடு சேர்ந்து படிப்பார்கள். டீச்சருக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் அவருக்குப் பள்ளிக்கு எதிரே, கழிப்பறை உள்ள சவரியம்மாள் வீடு இருந்தது. மதியம் குடையைப் பிடித்துக்கொண்டு அங்கே போய்விட்டு வந்துவிடுவார்.

இந்த லட்சணத்தில் அடுத்த திட்டம் இறங்கியது. நார்வேக்காரர்கள் பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு நீல நிற பாட்டில் அனுப்பியிருந்தார்கள். காலையில் பாட்டிலை நிரப்பிக்கொள்ள வேண்டும், அன்றைக்கு முழுக்க அந்தத் தண்ணீர்தான். பள்ளி விடும் மணி அடிக்கும்போது யாருடைய பாட்டிலில் அதிகம் மிச்சமிருக்கிறதோ அவர்தான் சிக்கனக்காரர். வருஷக் கடைசியில் அவருக்கு ‘நீர்க்காவலர்’ பட்டம். அந்த நாட்டுப் பிள்ளைகள் கைகழுவ, தூரிகை கழுவ, செடிக்கு ஊற்ற என்று சொட்டுச் சொட்டாகக் கணக்குப் பார்த்து மிச்சம் பிடித்தார்களாம், பாவம். இங்கே அந்தக் கஷ்டமே இல்லை. அமுதவல்லியின் பாட்டில் தினமும் எப்படி வந்ததோ அப்படியே கழுத்துவரை நிற்கும். மற்ற பெண்களாவது கடைசி பீரியடில் இரண்டு மடக்கு குடிப்பார்கள், அவள் வீடு ரொம்பத் தூரம், அதுவும் முடியாது. வீட்டுக்குப் போய், இருட்டிய பிறகு கரைப்பக்கம் ஒதுங்கிவிட்டு வந்துதான் பாட்டிலை வாயில் கவிழ்ப்பாள்.

காசிலிங்கம் பூரித்துப் போனார். “பாத்தீங்களா, ஒரு சொட்டு வேஸ்ட் பண்ணல! இந்த வயசுல என்னா ஒரு பொறுப்பு!” என்று காலைப் பிரார்த்தனையில் பாட்டிலைத் தூக்கிக் காட்டினார். பையன்கள் பாட்டில்கள் எல்லாம் காலி. அவர்களைத் திட்டினார். உலகம் அழிந்தால் அதற்கு ஒன்பதாம் வகுப்புப் பையன்கள்தான் காரணம் என்கிற அளவுக்குப் போனார்.

தீபாவளி முடிந்த கையோடு அமுதவல்லி காய்ச்சலில் விழுந்தாள். அடிவயிற்று வலி, நீர்க்கடுப்பு, ஒண்ணுக்குப் போகும்போது உயிரே போகிற எரிச்சல். ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா மாத்திரை கொடுத்துவிட்டு, “பகல்ல தண்ணி குடிக்கிறதே இல்லியா நீ? இப்படியே விட்டா கிட்னி போயிடும்” என்றார். அருக்காணி அவளை வீட்டுக்குக் கூட்டிவந்தாள். வாசலில் வைத்துத்தான் சொன்னாள்.

“இன்னொரு வாட்டி காய்ச்சல்னு படுத்த, ஸ்கூலு கிடையாது. என்கூட அளத்துக்கு வந்துடு. அங்கியாவது உப்புக் குமிக்குப் பின்னாடி மறைவுன்னு ஒண்ணு இருக்குது.”

அருக்காணி சும்மா மிரட்டுகிறவள் இல்லை. அமுதவல்லிக்கு அன்று ராத்திரி தூக்கம் போயிற்று. பத்தாவது முடிக்க வேண்டும், அதற்குமேல் நர்சு படிக்க வேண்டும் என்று அவளுக்கு ஒரு ஆசை, அந்த ஆசை இப்போது ஒரு கழிப்பறையில் வந்து மாட்டிக்கொண்டு நின்றது.

பொங்கல் கழித்து, பள்ளியில் கொத்தனார் வந்து இறங்கினார். பிப்ரவரியில் நார்வேப் பிள்ளைகள் நேரில் வருகிறார்கள் என்று முடிவாகியிருந்தது. காசிலிங்கத்தின் அறைக்குப் பக்கத்தில் கிடுகிடுவென்று ஒரு கட்டடம் எழும்பியது. நீல டைல்ஸ், பீங்கான் கோப்பை, மாடியில் கறுப்பு டேங்க், டேங்குக்கு லாரித் தண்ணீர். பெண் பிள்ளைகள் தினமும் போய் எட்டிப் பார்த்தார்கள். தமிழ்நிலா டைல்ஸைத் தடவியே பார்த்துவிட்டாள். கட்டி முடித்த அன்றே கதவில் பித்தளைப் பூட்டு தொங்கியது. சாவி காசிலிங்கத்தின் சட்டைப்பையில்.

அமுதவல்லி டீச்சரை இழுத்துக்கொண்டு போய்க் கேட்டாள்.

“சார், பொண்ணுங்களுக்கு அத்த தொறந்து விடுங்க சார்.”

“தொறக்கலாம்மா. ஆனா விருந்தாளிங்க வர்ற வரைக்கும் புதுசா இருக்கணும் இல்ல? சுத்தம் முக்கியம், நீயே லீடரு, உனக்குச் சொல்லணுமா?”

“அவங்க வந்துட்டுப் போனப்புறம் சார்?” என்றார் டீச்சர், தரையைப் பார்த்துக்கொண்டு.

“அடுத்த வருஷமும் வருவாங்க இல்ல டீச்சர்?”

டீச்சர் தலையாட்டினார். பெற்றோர் ஆசிரியர் கழகம் போட்ட தற்காலிக வேலை அவருடையது, காசிலிங்கம் முகம் சுளித்தால் மறுநாள் வீட்டில் உட்கார வேண்டியதுதான். அமுதவல்லிக்கு மட்டும் தனியாக ஒரு வேலை கொடுத்து அனுப்பினார் காசிலிங்கம். விழாவில் பட்டம் வாங்கும்போது, எப்படித் தண்ணீரை மிச்சம் பிடித்தாய் என்று கேட்பார்கள், “ஐ லவ் மதர் எர்த், எவ்ரி டிராப் இஸ் பிரஷியஸ்” என்று சொல்ல வேண்டும். அதை மனப்பாடம் பண்ணிக்கொண்டு வரவேண்டும்.

விழா நாள் வந்தது. மாவிலைத் தோரணம், மைக் செட், சால்வை. நார்வேப் பிள்ளைகள் மரக்காணத்து வெயிலில் தக்காளி நிறத்துக்கு வந்திருந்தார்கள். அவர்களுக்கு லீடர் இங்கிரிட் என்ற பெண், அமுதவல்லி வயதுதான். காலையிலிருந்து அவர்களில் யாராவது எழுந்தால் போதும், காசிலிங்கம் தானும் எழுந்து ஓடுவார். பூட்டைத் திறந்து விடுவார், கொஞ்சம் தள்ளி மரியாதையாக நிற்பார், அவர்கள் வெளியே வந்ததும் பூட்டிச் சாவியைப் பையில் போட்டுக்கொள்வார். கோயில் கருவறைக்குக்கூட அவ்வளவு காவல் இருக்காது.

அமுதவல்லிக்கு விடியற்காலையிலேயே அந்தப் பழைய எரிச்சல் லேசாக ஆரம்பித்திருந்தது. அம்மாவிடம் மூச்சு விடவில்லை. மேடையில் நிற்கும்போது வலி சுருக்கென்றது. திரும்பவும் காய்ச்சல் வரப்போகிறது, பள்ளிக்கூடம் கைவிட்டுப் போகப்போகிறது, நினைக்க நினைக்க அவளுக்கு அழுகையாக வந்தது. அழுகையைவிட ஆத்திரம் அதிகமாக வந்தது. கையில் அந்த நீல பாட்டில், கழுத்துவரை தண்ணீரோடு.

இங்கிரிட் மைக்கில் கேட்டாள். டீச்சர் தமிழில் சொன்னார்: “வெயில் நாட்டுல இருந்துகினு எப்படி இவ்வளவு மிச்சம் பண்ணேன்னு கேக்கறாங்க.”

காசிலிங்கம் கீழே நின்று உதட்டை அசைத்துக் காட்டினார், ஐ லவ், ஐ லவ் என்று.

“மிச்சம்லாம் பண்ணலீங்க” என்றாள் அமுதவல்லி. “எங்களுக்கு டாய்லெட் இல்ல. தண்ணி குடிச்சா போறதுக்கு எடமில்ல. அதனால குடிக்கிறதில்ல.”

டீச்சர் காசிலிங்கத்தைப் பார்த்தார். காசிலிங்கம் டீச்சரைப் பார்த்தார். டீச்சர், எங்கள் பெண்கள் சின்ன வயதிலிருந்தே கட்டுப்பாடு பழகியவர்கள் என்று ஆங்கிலத்தில் சொன்னார். நார்வேக்காரர்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். ஒரு வெள்ளைக்கார அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அமுதவல்லிக்கு ஆங்கிலம் நாலு வரிதான். ஆனாலும் டாய்லெட் என்ற சொல் டீச்சர் வாயிலிருந்து வரவில்லை என்பது தெரியாமல் போகுமா? அடப்பாவிகளா, இதற்கா கைதட்டுகிறீர்கள்! பாட்டில் மூடியைத் திருகினாள். அத்தனை பேர் பார்க்க அண்ணாந்து குடிக்க ஆரம்பித்தாள். கைதட்டல் குறைந்தது, பிறகு நின்றேவிட்டது. அவள் நிறுத்தவில்லை. தாவணியெல்லாம் நனைந்தது. ஒரு பாட்டில் தண்ணீரும் உள்ளே போன பிறகு பாட்டிலைக் கவிழ்த்துக் காட்டினாள்.

“குடிச்சிட்டேன் சார். சாவி குடுங்க.”

மைக்கில் அது தோரணம் கட்டிய வாசல்வரைக்கும் கேட்டது. காசிலிங்கம் சிரித்தார். கேமரா இருந்ததே, சிரிக்காமல் என்ன செய்வார்? “அப்புறம்மா, அப்புறம்” என்றார். “நோ டாய்லெட் கேர்ள்ஸ்” என்று அமுதவல்லி இங்கிரிட்டிடம் திரும்பிச் சொன்னாள். கையை நீட்டி நீலக் கட்டடத்தைக் காட்டினாள், அப்படியே கையைக் கொண்டுபோய்க் காசிலிங்கத்தின் சட்டைப்பையைக் காட்டினாள். “கீ.”

இங்கிரிட் முகம் இன்னும் சிவந்துபோயிற்று. காலையிலிருந்து இரண்டு தடவை அந்தக் கதவுக்குள் போய்வந்தவள் அவள். மேடையிலிருந்து இறங்கி நேரே காசிலிங்கத்துக்கு முன்னால் வந்து கையை நீட்டினாள். வெளிநாட்டு விருந்தாளிக்கு இல்லை என்று சொல்லி அவருக்குப் பழக்கம் கிடையாது. சாவி கை மாறியது, அப்படியே அமுதவல்லி கைக்கு வந்தது.

அவள் போனாள். அவளுக்குப் பின்னால் தமிழ்நிலா, அவளுக்குப் பின்னால் எட்டாவது, ஏழாவது, ஆறாவது என்று வரிசை காம்பவுண்டுவரை நீண்டது. இங்கிரிட் கேமராவைப் பையில் போட்டுவிட்டுக் கடைசியில் போய் நின்றுகொண்டாள். காசிலிங்கம் கையில் சால்வையோடு வெகுநேரம் காத்திருந்தார். பாட்டில் காலியானதால் விதிப்படி அமுதவல்லிக்குப் பட்டம் இல்லையாம். அடுத்த இடத்தில் இருந்த தமிழ்நிலாவுக்குக் கொடுக்கலாம் என்று கூப்பிட்டார்கள். “இருங்க சார், என் முறை வருது” என்று வரிசையிலிருந்து கத்தினாள்.

சாயங்காலம் டீச்சர் அமுதவல்லியைத் தனியாகப் பிடித்து, “நான் அப்படி சொல்லியிருக்கக் கூடாதுடி” என்றார். கண் கலங்கியிருந்தது.

“உங்களுக்கு சவரியம்மா வூடு இருக்குது டீச்சர்” என்றாள் அமுதவல்லி. கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

சாவி திரும்பக் காசிலிங்கத்திடம் போகவில்லை. அவரும் கேட்கவில்லை. நார்வேயிலிருந்து யாராவது விசாரித்தால் என்ன சொல்வது என்ற பயம் அவருக்கு. வேன்காரர்கள் அடுத்த வருஷத்துக்கு ‘சுகாதாரத் தலைமைப் பண்பு’ என்று புதுத் திட்டம் போட்டு, அதற்கு மூன்று நாள் பயிற்சியைப் புதுச்சேரியில் ஏசி ஹோட்டலில் நடத்தினார்கள். அங்கே கழிப்பறைக்குக் குறைவே இல்லை.

அமுதவல்லிக்கு மறுபடி காய்ச்சல் வரவில்லை. அருக்காணியும் அளத்துப் பேச்சை எடுக்கவில்லை. பத்தாவதில் இருக்கும்போது ஒருநாள் காலைப் பிரார்த்தனையில் காசிலிங்கம் தொங்கிய முகத்தோடு ஒரு செய்தி வாசித்தார். பாட்டில் போட்டியில் திட்டத்தில் சேர்ந்த அத்தனை நாட்டுப் பள்ளிகளிலும் நம் பள்ளிக்குத்தான் கடைசி இடம், ஒரு பெண் பிள்ளை பாட்டிலில்கூட ஒரு சொட்டு மிச்சமில்லை. அமுதவல்லிக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அடக்க அடக்க அவசரமாக வந்துவிட்டது, வரிசையை விட்டு ஓடினாள். கதவு திறந்துதான் கிடந்தது.