துணியறையில் என் பழைய சட்டை

மடத்தில் இருக்கிறவன் என்றால் பேய் பிசாசையெல்லாம் நம்புவான் என்று வெளியில் ஒரு நினைப்பு இருக்கிறது. என்னிடம் அது கிடையாது. இங்கே வருவதற்கு முன் கூலிமில் ஒரு தொழிற்சாலையில் ஆறு வருஷம் மெஷின் பழுது பார்த்தவன் நான். சத்தம் வந்தால் எங்கேயோ ஸ்க்ரூ தளர்ந்திருக்கிறது, அவ்வளவுதான். கம்பெனி பஸ்ஸில் மற்றவர்கள் பேய்க்கதை பேசினால் நான் தூங்கிவிடுவேன். அதனால் இதைக் கேட்டு நீங்கள் சிரித்தாலும் எனக்குக் கோபம் வராது. முழுதாகக் கேட்டுவிட்டுச் சிரியுங்கள்.

எங்கள் மடம் யான் டவுனுக்கு மேலே, ஜெராய் மலையடிவாரத்தில் இருக்கிறது. புனித பெனடிக்ட் சபை, மொத்தமே ஒன்பது பேர். ஒரு நாளைக்கு ஏழு தடவை மணி அடிக்கும், ஏழு தடவையும் கையில் இருக்கிற வேலையை அப்படியே போட்டுவிட்டுக் கோயிலுக்குப் போய்ச் சங்கீதம் பாட வேண்டும். சாப்பாட்டு மேசையில் பேச்சு கிடையாது, ஒருவர் புத்தகம் வாசிப்பார், சம்பால் வேண்டுமென்றால் கையால்தான் காட்ட வேண்டும். திருநாள் அன்று மட்டும் பேசலாம். அன்றைக்குக் கோழிக்கறி, ஐஸ்கிரீம் எல்லாம் உண்டு, ஒரு வருஷத்துப் பேச்சை ஒரே வேளையில் பேசித் தீர்ப்போம்.

இன்னொரு வழக்கமும் உண்டு, கதையே அதைப் பற்றியதுதான். மடத்தில் சேரும்போது நாங்கள் போட்டு வந்த துணியை யாரும் வீசுவதில்லை. ஒரு பையில் போட்டு, பெயர் எழுதி, துணியறை அலமாரியில் பூட்டி வைத்துவிடுவார்கள். நாளைக்கே ஒருவனுக்கு மனசு மாறினால் மடத்து அங்கியைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, அவனுடைய சொந்தத் துணியைப் போட்டுக்கொண்டு போக வேண்டும். ஆயிரத்துச் சொச்சம் வருஷமாக இருக்கிற விதி இது. நான் வந்த ஐந்தாம் வருஷம் துணியறை வேலையும் அலமாரிச் சாவியும் என்னிடம் வந்தன.

என் பையில் இருந்தது ஒரு நீலக் கட்டம் போட்ட சட்டையும் ஒரு பேண்டும். அந்தச் சட்டை கூலிம் பாசார் மாலாமில், அந்த ராத்திரிச் சந்தையில், ஸ்டெல்லா எடுத்துக் கொடுத்தது. என்னோடு ஒரே லைனில் வேலை பார்த்தவள். கல்யாணப் பேச்சு முடிந்து, வீட்டுக்கு முன்பணம் கட்டுகிற அளவுக்குப் போனபோதுதான் நான் இங்கே வந்தேன். அவள் அழவில்லை, திட்டவும் இல்லை, 'போய்ட்டு வா' என்றாள், வரமாட்டேன் என்று தெரிந்தே. பிறகு கல்யாணமாகி ஜொகூருக்குப் போய்விட்டதாகத் தங்கை சொன்னாள். நான் கடவுளைத் தேடி வந்தவன், அதில் பொய்யில்லை. ஆனால் அவளை மறந்துவிட்டேன் என்று சொன்னால் அது பொய்.

மழைக்காலத்தில் துணி பூஞ்சை பிடிக்கும் என்று மாதம் இரண்டு தடவை எல்லாப் பைகளையும் பிரித்துக் காற்றாட விடுவேன். முதல் தடவை பார்த்தபோது என் சட்டைக் காலரில் வேர்வை அழுக்கு. யாரோ இரவல் போட்டிருக்கிறார்கள் என்று எரிச்சல்பட்டேன். துவைத்து, இஸ்திரி போட்டு, பூட்டினேன், சாவி என் இடுப்பில்தான். அடுத்த தடவை ஒரு பித்தான் புதிது, சிவப்பு நூலில் தைத்திருந்தது. நீலச் சட்டையில் சிவப்பு நூல் போடுகிற ஆள் எனக்குத் தெரிந்து ஒருத்திதான், கையில் எந்த நூல் இருக்கிறதோ அதில் தைத்துவிட்டு 'ஒட்டிருச்சுல்ல?' என்பாள். அதற்கடுத்த தடவை பக்கத் தையலைப் பிரித்து அகலமாக்கியிருந்தது. நான் இங்கே எலும்பும் தோலுமாக இருக்கிறேன், அந்தச் சட்டைக்குள் யாருக்கோ தொப்பை போட்டுக்கொண்டிருந்தது. எனக்குச் சிரிப்புக்கூட வந்தது.

அதற்கப்புறம் வந்ததுதான் என்னை உட்கார வைத்தது. சட்டையின் இடது தோளில் பால் கக்கிய கறை. முகர்ந்து பார்த்தேன், பால் வாடை, அதோடு குழந்தைப் பவுடர் வாடை. பட்டப்பகல், வெளியே பிரதர் ஒருவர் புல் வெட்டுகிற மெஷின் ஓட்டிக்கொண்டிருந்தார், நான் அந்தத் தோளை முகத்தில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தேன். திருநாள் அன்று நான் கொடுக்க வேண்டிய இறுதி வார்த்தைப்பாட்டுக்கு அப்போது மூன்று வாரம் இருந்தது. அதைக் கொடுத்துவிட்டால் சாகிற வரைக்கும் இந்த மடம்தான்.

நான் அதைத் துவைக்கவில்லை. இரண்டு நாள் கழித்துத் திருநாள் உடுப்புக்குத் தையல் நூல் வாங்க யான் டவுனுக்குப் போகச் சொன்னார்கள், நான் அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டு ஐசி அடையாள அட்டையையும் எடுத்துக்கொண்டேன். உங்களிடம் மறைக்க என்ன இருக்கிறது, திரும்பி வரக்கூடாது என்றுதான் போட்டேன். வயல் ஓரமாக முக்கால் மணி நேரம் நடந்தேன். சுங்கை பட்டாணி பஸ் வர நேரம் இருந்ததால் தண்ணீர் வாங்க ஒரு மளிகைக் கடைக்குள் நுழைந்தேன். அந்தக் கடைக்கு நான் அதற்கு முன் போனதே இல்லை, சத்தியமாக.

கல்லாவில் இருந்த பாய் என்னைப் பார்த்ததும் எழுந்து, பின்னால் இருந்து ஒரு பால் மாவு டின்னை எடுத்து வைத்தார்.

"அண்ணே, வந்துருச்சுலா. அக்கா சொன்ன அதே நம்பர்தான், பாத்துக்குங்க."

எந்த அக்கா என்று கேட்டேன். அவர் சிரித்தார். "பாப்பா ராத்திரி தூங்க விடல போல, வீட்டுக்கார அக்காவயே மறந்துட்டீங்க." பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "டெமாம் எறங்கிருச்சாண்ணே?" என்றார்.

பாப்பாவுக்குக் காய்ச்சல். அந்த டின் என் கையில் இருந்தது, நல்ல கனம். வீடு எங்கே என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அந்த மனுஷன் தெருவுக்கு வந்து கையை நீட்டிக் காட்டியிருப்பார், எனக்கு அதில் இன்றைக்கும் சந்தேகமில்லை. கேட்க வாயைத் திறந்தேன். அப்போதுதான் ஒன்று தோன்றியது, இதை வாங்க ஒருவன் வந்துகொண்டிருக்கிறான், வந்து பார்க்கும்போது டின் இல்லையென்றால் பிள்ளைக்குப் பால் இல்லை. அவன் யார் என்று நீங்கள் என்னைக் கேட்காதீர்கள். நான் டின்னைக் கல்லாமேல் வைத்தேன்.

"எடுத்து வைங்க பாய். இப்ப வந்து வாங்கிக்கிறேன்."

சொல்லிவிட்டு வெளியே வந்து மலைப்பக்கம் நடந்தேன். ஓடினேன் என்றே சொல்லலாம். மாலைச் செபம் பாதி முடிந்திருந்தது, தாமதமாக வருகிறவன் எல்லோர் முன்னாலும் நடுவில் முழங்கால் போட வேண்டும், அந்தச் சட்டையோடுதான் போட்டேன்.

அன்றைக்கே எங்கள் தலைவர் சாமியாரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ஈப்போக்காரர், லேசில் எதையும் நம்பாதவர். பைத்தியம் என்று டாக்டரிடம் அனுப்புவார் என்று எதிர்பார்த்தேன். அவர் கேட்டது ஒன்றுதான்.

"டின்ன கையோட கொண்டு வந்தீங்களா, பிரதர்?"

"இல்ல ஃபாதர்."

"நல்லது. சட்டைய மடிச்சு அங்கயே வைங்க."

சொல்லிவிட்டு என் இடுப்பில் இருந்த சாவிக்கொத்தைப் பார்த்தார். அலமாரியில் அவருடைய பையும் இருக்கிறது. அதை நான் அதற்குப் பிறகு பிரிப்பதில்லை.

திருநாள் அன்று கோயில் நிறைந்திருந்தது, சிடாம் கிரியில் இருந்துகூட வேன் பிடித்து வந்திருந்தார்கள். அம்மாவும் தங்கையும் முன்வரிசையில். வார்த்தைப்பாடு எழுதிய தாளைப் பீடத்தின்மேல் வைத்துக் கையெழுத்துப் போட்டேன். பிறகு தரையில் குப்புறப் படுக்க வேண்டும், மேலே கறுப்புத் துணி போர்த்துவார்கள், பழைய மனுஷன் செத்தான் என்று அர்த்தம். அந்தத் துணிக்குள் கிடக்கும்போது பின்னால் ஒரு குழந்தை அழுதது, யாரோ சமாதானம் செய்துகொண்டே வெளியே தூக்கிப் போனார்கள். கூட்டம் என்றால் குழந்தைகள் இருக்கத்தான் செய்யும். எனக்கு மட்டும் எழுந்து பின்னால் ஓட வேண்டும் போல இருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தேன்.

நான்கு வருஷம் ஆகிறது. இங்கே சந்தோஷமாகத்தான் இருக்கிறேன், நம்புங்கள். மாலைச் செபத்தில் மன்றாட்டு வரும்போது காய்ச்சலில் இருக்கிற ஒரு குழந்தைக்காக என்று தினமும் சொல்கிறேன். தங்கை பிள்ளை என்று மற்றவர்கள் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அது ஆணா பெண்ணா என்றுகூட எனக்குத் தெரியாது. காய்ச்சல் இறங்கியதா என்பதும் தெரியாது.

ஒன்றை மட்டும் இதுவரை யாரிடமும் சொல்லவில்லை, தலைவரிடமும் கூட. வார்த்தைப்பாடு முடிந்து, கோழிக்கறி சாப்பிட்டு, அம்மாவை வழியனுப்பிவிட்டு, அன்று பிற்பகலே துணியறைக்குப் போய்ச் சட்டையைப் பிரித்தேன். சட்டைப் பையில் ஒரு தாள் இருந்தது. அன்றைய வழிபாட்டுக்காக நாங்கள் அடித்த பாட்டுத்தாள், அன்று காலையில்தான் நானே போட்டோஸ்டாட் எடுத்து அடுக்கினேன். ஆனால் இது எட்டாக மடித்து, வேர்வை ஊறி மஞ்சளாகி, மடிப்பெல்லாம் கிழிந்து, கிழிந்த இடத்தில் டேப் ஒட்டி, வருஷக்கணக்காக ஒருவன் பையிலேயே வைத்துக்கொண்டு திரிந்த தாளாக இருந்தது. விரித்துப் பார்த்தேன். எழுத்தெல்லாம் சரியாக இருந்தது. 'பிரதர் மாருஸ்' என்று மடம் எனக்குக் கொடுத்த பெயர் இருந்த இடம் மட்டும், நான் அந்தத் தோளை முகத்தில் வைத்துக்கொண்டது போல அவனும் விரலால் தடவித் தடவி, ஏறக்குறைய அழிந்துபோயிருந்தது.