எல்லாப் பாக்கெட்டையும் பார்க்கிற அக்கா

அக்காவின் சலவைக் கடையில் ஒரு சட்டம் உண்டு. எல்லாப் பாக்கெட்டையும் கவிழ்த்துப் பார்க்காமல் ஒரு துணிகூட மெஷினுக்குள் போகக் கூடாது. கோட்டின் உள்பாக்கெட், கால்சட்டையில் ஒளிந்திருக்கும் குட்டிப் பாக்கெட், எதுவும் தப்பாது. சாவி, சீப்பு, பாதி கடித்த மிட்டாய் எல்லாம் வந்திருக்கின்றன. ஒருமுறை பல் செட்டே வந்தது. "மனுஷன் வாயைத் திறக்காம வாங்கிட்டுப் போனார்" என்று இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பாள்.

வேதாகமத்தையும் அவள் அப்படித்தான் வாசித்தாள். கண்ணை மூடித் திறந்து, விரல் பட்ட வசனத்தைப் பிடித்துக்கொள்வது அவளுக்கு ஆகாது. "வீட்டுக்கு ஒரு கடுதாசி வந்தா நடுவுல ஒரு வரியை மட்டும் படிச்சிட்டு மடிச்சு வைப்போமா?" என்பாள். ஒரு சபைக்கு எழுதிய கடிதமான நிருபம் என்றால் முதல் வாழ்த்திலிருந்து கடைசி ஆமென் வரை, சத்தமாக, ஒரே அமர்வில். எழுதியவர் எங்கே இருந்து எழுதுகிறார், அந்தச் சபையில் என்ன தகராறு என்று தனக்குத்தானே கேட்டுக்கொள்வாள். விளங்காத இடத்தில் பென்சிலால் கேள்விக்குறி போட்டு ஞாயிற்றுக்கிழமை போதகரைப் பிடிப்பாள். அவள் பென்சிலோடு வருவதைப் பார்த்தால் போதகர் பின்வாசல் வழியாக நழுவுவார் என்று சபையில் கேலி.

கடையின் கல்லாவில் உட்காருவது அவள் தம்பி. அவன் மகள் தனக்குப் பிடித்தவனைக் கட்டிக்கொண்டு வேறு ஊர் போனதிலிருந்து அவளுடைய போனை அவன் எடுப்பதில்லை. பிள்ளைகள் பெற்றோருக்குக் கீழ்ப்படியச் சொல்லும் வசனத்தை அட்டையில் அச்சடித்துக் கல்லாவுக்கு மேலே மாட்டியிருந்தான். யார் சமாதானம் பேச வந்தாலும் விரலால் அதைக் காட்டுவான்.

அன்று காலை அக்காவின் போனுக்கு அந்தப் பெண் செய்தி அனுப்பினாள். நாளைக்கு நாங்கள் போகும் ரயில் நம்ம ஊர் வழியாக வருகிறது அத்தை. அப்பா கூப்பிட்டால் இறங்குகிறோம். இல்லையென்றால் அப்படியே போய்விடுகிறோம்.

அக்கா போனைக் காட்டினாள். தம்பி அட்டையைக் காட்டினான்.

"அடுத்த பாக்கெட்டைப் பார்த்தியாடா?"

மதியம் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, துணி மடிக்கும் மேசையில் வேதாகமத்தை விரித்தாள். மூலையில் இஸ்திரிக்காரர் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தார். காலையில் அவர் கவனிக்காமல் விட்ட பேனா ஒன்று ஒரு ஈடு வெள்ளைச் சட்டைகளை நீலமாக்கியிருந்தது. "இன்னொரு தடவை இப்படி நடந்தா நாளையிலிருந்து வராதீங்க!" என்று வாடிக்கைக்காரர்கள் முன்னாலேயே அக்கா கத்தியிருந்தாள்.

"நேரா அந்த இடத்துக்கு வாயேன்க்கா" என்றான் தம்பி.

"நடுவுல ஏற மாட்டேன். உட்காரு."

சிறையிலிருந்து பவுல் அப்போஸ்தலர் எழுதிய நிருபத்தை முதலிலிருந்து வாசித்தாள். தம்பி இரண்டு முறை கொட்டாவி விட்டான். அட்டையின் வசனம் வந்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தான். கொஞ்சம் தள்ளி, தகப்பன்மார் பிள்ளைகளைக் கோபப்படுத்தக் கூடாது என்று வந்தது. இதற்காகத்தான் அவள் உட்கார்ந்ததே. அங்கே நிறுத்தி அவனை ஒரு பார்வை பார்த்திருக்கலாம். பார்க்கவில்லை. சட்டம் சட்டம்தான். மேலே வாசித்தாள். வேலைக்காரர்களுக்குச் சில வார்த்தை. அடுத்து எஜமான்களுக்கு: மிரட்டுவதை விடுங்கள், உங்களுக்கும் மேலே ஒருவர் இருக்கிறார்.

குரல் நின்றுவிட்டது. எத்தனையோ முறை வாசித்துக் கடந்த இடம்.

"என்னக்கா, பேனா கிடைச்சுதா?" என்று தம்பி குத்தினான்.

"கிடைச்சுதுடா. என் பாக்கெட்லயே."

எழுந்து இஸ்திரிக்காரரிடம் போனாள். "அண்ணே, காலையில நான் உங்களை மிரட்டினது தப்பு. மன்னிச்சிடுங்க. அந்த வாடிக்கைக்காரங்க வரும்போது அவங்க முன்னாடியும் சொல்றேன்."

அவர் பதறிப்போனார். "விடும்மா, பேனாவை விட்டது நான்தானே."

"பேனா உங்க தப்பு. மிரட்டல் என் தப்பு. ரெண்டையும் கலக்காதீங்க."

திரும்பி வந்து ஆமென் வரை வாசித்து முடித்தாள். தம்பியிடம் எதுவும் கேட்கவில்லை. மனசுக்குள் மட்டும் ரயில் ஓடிக்கொண்டிருந்தது.

"அதை இப்படித் தள்ளு" என்றான் அவன். விரலை வைத்து, அட்டையில் இருந்த வசனத்தைத் தாண்டி, உதடு அசைய வாசித்தான். மறுபடியும் வாசித்தான்.

"ரயில் எத்தனை மணிக்காம்?"

"என்னைக் கேட்டா? அவளைக் கேளு."

அவன் போனை எடுத்துக்கொண்டு பாதி இறக்கிய ஷட்டருக்குக் கீழே குனிந்து வெளியே போனான். உள்ளேயிருந்து அக்காவுக்கு அவன் கால்கள் மட்டும்தான் தெரிந்தன. நடந்தன, நின்றன. பிறகு தொண்டையைச் செருமும் சத்தம்.

"அப்பாதான்மா. எந்தப் பெட்டியில வர்றீங்க, ரெண்டு பேரும்?"