வாசலோர பெஞ்சு

இந்த ஸ்காட்லாந்து ஊரில் வெயில் அடித்தால் பஸ் டிரைவர்கூட முகம் மலர்ந்து "லவ்லி டே" என்கிறார். பதிலுக்கு அப்படிச் சொல்ல எனக்கு இன்னும் வாய் வரவில்லை. சாத்தூர்ப் பக்கத்து அச்சங்குளத்துக்காரிக்கு வெயிலைப் பார்த்துச் சிரிப்பா வரும்? என் அம்மா பட்டாசுக் கம்பெனியில் வேலை பார்க்கிறாள். சூடு ஏறினால் வெடிமருந்து பற்றிக்கொள்ளும், அதனால் வெயில் ஏறுமுன் கலந்து முடிக்க வேண்டும் என்று விடியுமுன்னே வேன் ஏறுகிறவள்.

ஆனாலும் ஆபீஸ் பக்கத்துப் பழைய சர்ச்சுக்குள் விழும் வெயிலை மட்டும் என்னால் வெறுக்க முடியவில்லை. மத்தியானத்தில் வண்ணக் கண்ணாடி வழியாக இறங்கி, தேய்ந்த கல்தரையில் நீலமும் சிவப்புமாகச் சத்தமில்லாமல் கிடக்கும். பார்த்தால் மனசு அடங்கிப்போகும். நாங்கள் மாரியம்மனைக் கும்பிடுகிறவர்கள், அவள் ஒன்றும் கோபிக்க மாட்டாள். வாசலை ஒட்டிய கடைசி பெஞ்சில் உட்கார்ந்து அம்மாவின் போனுக்குக் காத்திருப்பேன். கம்பெனிக்குள் போன் கொண்டுபோகக் கூடாது. அங்கே சாயங்காலம் வீடு திரும்பி, "வந்துட்டேன் தாயி" என்று அவள் சொன்ன பிறகுதான் எனக்குச் சோறு இறங்கும்.

சர்ச்சைப் பார்த்துக்கொள்ளும் மார்கரெட், நான் வேறு மதம் என்று கூச்சப்பட்டுப் பின்னால் உட்கார்வதாக நினைத்துக்கொண்டார். எல்லோருக்கும் இங்கே இடம் உண்டு, முன்னால் வா என்று கையைப் பிடித்தார். சிரித்து மழுப்பினேன். நாலு பக்கமும் வாசல் வைத்த அறையில், ஓடத் தோதாக உட்கார்ந்து வேலை செய்கிறவள் பெற்ற பிள்ளை வாசலை விட்டு நகராது. இதை எந்த இங்கிலீஷில் சொல்வது?

போன வாரம் ஒருநாள் போன் வரவில்லை. தரையில் கிடந்த வெயில் மெல்ல முன்னால் நகர்ந்துகொண்டே போனது. மார்கரெட் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

ஒருவழியாக அம்மா வீடியோவில் வந்தாள். சாத்தூர் ரோட்டில் வேன் பஞ்சராம். வேலையை விட்டுத் தொலையேன் என்று கத்தினேன். சீசன் முடியட்டும் என்றாள், வருஷா வருஷம் பாடுகிற பாட்டு. அழுகிற முகத்தை அவள் பார்க்க வேண்டாமென்று போனைத் திருப்பிச் சர்ச்சைக் காட்டினேன்.

"எம்புட்டு அழகா இருக்கு," என்றாள். பிறகு, "அங்கன எத்தன வாசல் தாயி?"

"ஒண்ணுதாம்மா."

"அப்ப வாசப் பக்கமாவே உக்காரு."

அம்மா என்ன சொன்னாள் என்று மார்கரெட் கேட்டார். அழகாக இருக்கிறதாம் என்றேன். சந்தோஷப்பட்டு மறுபடியும் முன்வரிசையைக் காட்டினார். வெயில் அதற்குள் அங்கே போய்ச் சேர்ந்திருந்தது. நான் வாசலோரத்தில் இருந்தபடியே அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.