கிழக்குப் பக்கத்துக் கையெழுத்துகள்

எங்கள் மைதானத்தில் கிழக்குப் பக்கம் உட்கார்ந்தால் சாயங்கால வெயில் நேராக முகத்தில் அடிக்கும். பந்து உயரே எழும்பினால் கொஞ்ச நேரம் அது எங்கே போனதென்றே தெரியாது. எதிரே மேற்குப் பந்தலில் இருப்பவர்களின் தலை எந்தப் பக்கம் திரும்புகிறது என்று பார்த்துத்தான் கண்டுபிடிப்போம். அதனாலேயே கிழக்குப் பக்கம் விலை குறைவு. கடலூர் முதுநகரில் மீன் இறங்கும் துறையில் வேலை செய்கிற ஆட்கள் எல்லாரும் அந்தப் பக்கம்தான். ஐஸ் பெட்டி தூக்குகிற என் அப்பாவும் அவர்களில் ஒருவர்.

கோப்பைப் போட்டி மே மாதம் வரும். அது மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் எல்லாம் கரையில் கட்டிக் கிடக்கும். கட்டுமரமும் பைபர் படகும் கொண்டுவருகிற மீனுக்குப் பாதிப் பேருக்குக்கூட வேலை இருக்காது. ஆட்களுக்கு நேரம் நிறைய இருக்கும், கையில் காசு இருக்காது. அந்த நேரம் பார்த்து வருகிற பத்து நாள் பந்தாட்டம் என்பதால்தான் அதற்கு அவ்வளவு கூட்டம்.

நான் பார்க்க ஆரம்பித்த காலத்தில் டிக்கெட் கிடையாது. இடைவேளையில் இரண்டு ஆட்டக்காரர்கள் ஒரு வேட்டியை விரித்துப் பிடித்துக்கொண்டு மைதானத்தைச் சுற்றி வருவார்கள். முடிந்தவர்கள் முடிந்ததைப் போடுவார்கள். கிழக்குப் பக்கம் வரும்போதுதான் காசின் கனத்தில் வேட்டி தொங்கும் என்று அப்பா பெருமையாகச் சொல்வார். பிறகு பத்து ரூபாய் டிக்கெட் வந்தது. அது முப்பது ஆனது. அப்போதும் யாரும் முனகவில்லை. பலகை நிறைந்து, தரையிலும் உட்கார்ந்து பார்த்தார்கள்.

அந்தப் பலகைகள் பழசு. ஒரு வருஷம் கால் இறுதி ஆட்டத்தில் எங்கள் பக்கத்து அணி கோல் அடித்தபோது, அப்பாவோடு வேலை செய்கிற மாமா ஒருவர் துள்ளிக் குதித்தார். பலகை உடைந்து கால் உள்ளே போய்விட்டது. முறையில் மாமா இல்லை, நான் அப்படிக் கூப்பிடுவேன். தூக்கி வெளியே எடுத்தபோது கணுக்கால் வீங்கி இருந்தது. ஐஸ் வண்டி ஓட்டுகிற பாய் அவர் பக்கத்தில் உட்கார்ந்து சொன்னார்.

"கோல் அடிச்சவன் ஜம்முனு நிக்கிறான். பாத்த நீ படுத்துட்டியே மச்சான்."

"சிரிக்காத பாய். நாளைக்கு நீ உளுந்தா நான் தூக்க மாட்டேன்" என்றார் மாமா. பிறகு அப்பாவைப் பார்த்து, "ஒம் புள்ள படிச்சவன்தான. கமிட்டிக்கு ஒரு மனு எழுதிக் குடுக்கச் சொல்லேன்" என்றார்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அப்போது சிதம்பரத்தில் எம்.காம். படித்துக்கொண்டிருந்தேன், தினமும் காலை ரயிலில் போய் வருவேன். ரேஷன் கார்டு, முதியோர் பணம், மின்சார இணைப்பு என்று துறையில் யாருக்கு எது வேண்டுமென்றாலும் நான்தான் எழுதுவேன். அன்று ராத்திரியே எழுதிவிட்டேன். மூன்று கோரிக்கைகள். உடைந்த பலகைகளை மாற்ற வேண்டும், குடிக்கத் தண்ணீர் வைக்க வேண்டும், கழிப்பறை ஒன்று வேண்டும். மனு ஒரே பக்கத்தில் முடிந்தது. கையெழுத்துக்காக நோட்டிலிருந்து கோடு போட்ட மூன்று தாள்களைக் கிழித்துப் பின்னால் வைத்துப் பின் அடித்தேன்.

முதல் கையெழுத்து அப்பாவுடையது. அவருக்குப் பெயரை மட்டும் எழுதத் தெரியும். வங்கிக் கணக்கு தொடங்கும்போது கற்றுக்கொண்டது. நாலு எழுத்து, ஒவ்வொன்றையும் அழுத்தி எழுதுவார். அடுத்தவர் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தார்.

"இதுல போட்டா லோன் கீன் எம் பேர்ல வந்துடாதே?"

"ஒனக்கு எந்த பேங்க்காரன்டா லோன் குடுப்பான்" என்றார் பாய்.

"எம் புள்ள எழுதுனது. போடு" என்றார் அப்பா.

அதற்குப் பிறகு யாரும் யோசிக்கவில்லை. மூன்று தாளும் நிறைந்தன. என்ன எழுதியிருக்கிறேன் என்று ஒருவரும் கேட்கவில்லை. நானும் படித்துக் காட்டவில்லை. கேட்காமல் போட்டார்களே என்று எனக்கு அது பெருமையாகக்கூட இருந்தது.

போட்டியை நடத்தும் கமிட்டியின் செயலாளர் சிமெண்ட் கடை வைத்திருந்தார். ஏசி அறை. அப்பா வயதுதான் இருக்கும். என்னைப் பார்த்து, "உக்காருங்க தம்பி" என்றார். அந்த 'ங்க' எனக்குப் புதிது. கடைவீதியில் எந்த முதலாளியும் எங்கள் வீட்டு ஆளை அப்படிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. டீ வந்தது. மனுவை நிதானமாகப் படித்தார்.

"எழுத்து முத்து முத்தா இருக்கு. ஒங்கள மாதிரி படிச்ச புள்ளைங்கதான் கமிட்டிக்கு வேணும்" என்றார். பிறகு விஷயத்துக்கு வந்தார். ஒரு கம்பெனி கிழக்குப் பக்கம் புது இருக்கைகள் கட்டிக் கொடுக்கத் தயாராக இருக்கிறது. ஆனால் ரசிகர்கள் ஒத்துழைப்பார்கள் என்று அவர்களுக்குக் காட்ட ஒரு வரி வேண்டும்.

"மொதப் பக்கத்த மட்டும் மாத்தி டைப் பண்ணிக் கொண்டாந்துடுங்க. கையெழுத்துதான் பின்னாடி தனியா இருக்கே."

வரியையும் அவரே சொன்னார். தரமான இருக்கை வசதி செய்து தந்தால் அதற்குரிய கட்டணத்தைச் செலுத்த மனமுவந்து சம்மதிக்கிறோம். நான் அதைக் கையில் எழுதிக்கொண்டு கேட்டேன்.

"சார், டிக்கெட் ஏறுமா?"

"சேச்சே. இது கம்பெனிக்காரனுக்குக் காட்டறதுக்கு. கெழக்குப் பக்கம் நம்ம ஜனங்க தம்பி. அவுங்க மேல கை வைப்பனா?"

மறுநாள் மதியம் வகுப்பு முடிந்ததும் சிதம்பரம் கீழ வீதியில் ஒரு கணினி மையத்தில் உட்கார்ந்து நானே டைப் செய்தேன். 'மனமுவந்து' என்பதைச் சேர்த்து எழுதுவதா பிரித்து எழுதுவதா என்று இரண்டு தரம் பார்த்துத் திருத்தியது நினைவிருக்கிறது. அச்செடுத்து, பழைய பின்னை நகத்தால் நெம்பி எடுத்து, என் கையெழுத்தில் இருந்த பக்கத்தைக் கழற்றிவிட்டுப் புதுப் பக்கத்தை வைத்து அடித்தேன். கோடு போட்ட மூன்று தாளும் அப்படியே இருந்தன. அப்பாவின் நாலு எழுத்து முதலில் இருந்தது. ரயிலில் திரும்பும்போது மடியில் அந்தக் கவரை வைத்திருந்தேன். மனதில் உறுத்தல் எதுவும் இல்லை, நல்ல காரியம் செய்கிறோம் என்றே நினைத்தேன். இதைத்தான் இன்றுவரை என்னால் தாங்க முடியவில்லை.

அடுத்த மாதம் என்னைக் கமிட்டியில் இளைஞர் பிரதிநிதியாகப் போட்டார்கள். கழுத்தில் மாட்டிக்கொள்ள அட்டை கொடுத்தார்கள். அப்பா அதை வாங்கி இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார்.

அடுத்த மே மாதம் கிழக்குப் பக்கம் அடையாளம் தெரியாமல் மாறியிருந்தது. படிக்கட்டு, அதில் முடுக்கிய நீல நாற்காலிகள், தண்ணீர், கழிப்பறை எல்லாம் வந்திருந்தன. டிக்கெட் நூற்றைம்பது, இறுதி ஆட்டத்துக்கு முந்நூறு. வாசலில் ஒட்டிய கியூஆர் கோடை ஸ்கேன் செய்து போனில் பணம் அனுப்ப வேண்டும். வெறுங்கையோடு இருக்கும் தடைக்காலத்தில், பத்து நாள் டிக்கெட் காசுக்கு அப்பா எங்கே போவார்?

துறையில் ஐஸ் உடைக்கிற கொட்டகைக்கு யாரோ நோட்டீஸைக் கொண்டுவந்திருந்தார்கள். எல்லாரும் உட்கார்ந்திருந்த நேரம். அப்பா என்னிடம் நீட்டி, "படி" என்றார். படித்தேன். 'ரசிகர்கள் எழுத்துப்பூர்வமாகக் கேட்டுக்கொண்டதற்கிணங்க' என்ற இடம் வந்ததும் என் குரல் இறங்கிவிட்டது.

"இன்னாது, திரும்பப் படி" என்றார் மாமா. படித்தேன்.

"எந்த ரசிகன்டா கேட்டது? தண்ணியும் பலகையும்தான கேட்டோம்?"

"பலக கேட்டா சிம்மாசனம் போட்டுட்டானுங்க. ராஜா, போய் உக்காரு" என்றார் பாய்.

யாரோ என் பக்கம் பார்த்தார்கள். அப்பா அதைக் கவனித்துவிட்டார். "இங்க பாருங்க, எம் புள்ள அப்படி எழுத மாட்டான். கமிட்டிக்காரனுங்க சேத்துக்கினானுங்க. அவன் எழுதலன்னா எழுதல" என்றார்.

நான் வாயைத் திறக்கவில்லை. திறந்திருக்க வேண்டிய நேரம் அதுதான். அப்பா எனக்காகத் தன் வாக்கைக் கொடுத்துவிட்டார், ஆட்களும் அதை ஏற்றுக்கொண்டார்கள். இனி நான் உண்மையைச் சொன்னால் பொய்யாகப் போவது அவர் பேச்சு.

அன்றே செயலாளரைப் போய்ப் பார்த்தேன். இந்த முறை உட்காரச் சொல்லவில்லை.

"சார், ஏறாதுன்னு சொன்னீங்க."

அவர் ஃபைலை எடுத்துப் பிரித்து என் பக்கம் திருப்பினார். "இது யாரு டைப் பண்ணது? நானா? சம்மதிக்கிறோம்னு நீங்க எழுதிக் குடுத்தத வச்சுத்தான் கம்பெனிக்காரன் பணமே போட்டான். போட்ட பணத்த எடுக்க மாட்டானா?" ஃபைலை மூடிக்கொண்டே, "படிச்ச புள்ள, இது தெரியாதா ஒனக்கு" என்றார். 'ங்க' போய்விட்டிருந்தது.

போட்டி தொடங்கியது. முதல் நாள் புதுசு பார்க்கச் சிலர் வந்தார்கள். நாளாக ஆகக் குறைந்தார்கள். மைக்கில் பேசுகிறவர் மட்டும், கடலெனத் திரண்டிருக்கும் ரசிகப் பெருமக்களே என்று பழைய மாதிரியே கூப்பிட்டுக்கொண்டிருந்தார். அரை இறுதி ஆட்டத்தில் பந்து கிழக்குப் பக்க நாற்காலிகளுக்குள் போய் விழுந்தது. எடுத்து வீச ஆள் இல்லை. ஆட்டக்காரர் ஒருவர் கம்பியைத் தாண்டி, படி ஏறி, நாற்காலி வரிசைக்குள் குனிந்து தேடிக்கொண்டிருந்தார். அதுவரை மற்றவர்கள் இடுப்பில் கை வைத்து நின்றார்கள். முன்பெல்லாம் அந்தப் பக்கம் போகும் பந்து தரையில் விழாது.

"புட்பாலுக்கு இப்ப ஆளே இல்ல. எல்லாம் போன்லயே கெடக்குறானுங்க" என்று செயலாளர் என் பக்கத்தில் நின்று சொன்னார். அவர் அதை நம்பித்தான் சொன்னார் என்று நினைக்கிறேன். பிறகு குரலைத் தாழ்த்தினார். இறுதி ஆட்டத்துக்குக் கம்பெனி ஆட்கள் வருகிறார்கள். நேரலை உண்டு. கேமரா மேற்கிலிருந்து கிழக்கைப் பார்த்து நிற்கும்.

"ஒங்க அப்பா ஆளுங்களக் கூட்டிக்கினு வா. ஒரு எரநூறு பேரு. டிக்கெட் வேணாம், பின் கேட்ட தொறந்து உடறேன். கம்பெனி பனியன் குடுப்பாங்க, அதப் போட்டுக்கினு உக்காந்தாப் போதும்."

இறுதி ஆட்டத்தன்று மதியம் ஐஸ் கொட்டகைக்குப் போனேன். செயலாளர் சொன்னதை அப்படியே சொன்னேன்.

"பனியன் போட்ட பொம்ம. எனக்கு எக்ஸ்எல் சைஸ் இருக்கான்னு கேளு" என்றார் பாய். சிலர் சிரித்தார்கள்.

மாமா சிரிக்கவில்லை. "நாம கேட்டுத்தான் வெல வச்சோம்னான். இப்ப சும்மாவே வாங்கன்றான். அப்ப கேட்டது யாருன்னு அவனுக்கே தெரியல பாரு."

"அதான் நான் அன்னைக்கே சொன்னேன். எம் புள்ள எழுதல" என்றார் அப்பா.

"நான்தாம்பா எழுதினேன்" என்றேன்.

முதல் பக்கத்தை மாற்றியது, சிதம்பரத்தில் டைப் செய்தது, பின்னைக் கழற்றியது எல்லாவற்றையும் சொன்னேன். டிக்கெட் ஏறாது என்று செயலாளர் சொன்னதை நம்பினேன் என்பதையும் சொன்னேன். சொல்லும்போதே அது சின்னதாகத்தான் கேட்டது. மாமா தன் காலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

காலையிலேயே ஒரு புது மனு எழுதி வைத்திருந்தேன். இந்தக் கட்டணத்துக்கு நாங்கள் சம்மதிக்கவில்லை, எங்கள் பெயரை எங்களைக் கேட்காமல் பயன்படுத்தியிருக்கிறார்கள், பழைய விலைக்கே விட வேண்டும் என்று. இந்த முறை மனுவுக்கும் கையெழுத்துக்கும் ஒரே தாள். முழுதும் இரண்டு தரம் சத்தமாகப் படித்தேன். மூன்றாவது தரம் பாய் படிக்கச் சொன்னார். அதையும் படித்தேன். கோரிக்கை சரிதான் என்றார்கள். பேனாவை நீட்டினேன். மாமாவிடம் போனது, பாயிடம் போனது, யார் கையிலும் நிற்காமல் அப்பாவிடம் வந்தது. அப்பா அதைத் திறக்கவில்லை.

"நீ சரியாத்தான் எழுதியிருப்ப. ஆனா நான் போட்டா இவுங்களும் போடுவாங்க. போன தடவ என்னய நம்பித்தான் போட்டாங்க."

பேனாவை என் சட்டைப் பையில் செருகிவிட்டு அவர் எழுந்து ஐஸ் வண்டியை நோக்கி நடந்தார். மற்றவர்களும் எழுந்தார்கள். நான் ஒருவன் மட்டும் கையெழுத்துப் போட்டு மைதானத்துக்கு எடுத்துப்போனேன். ஆட்டம் தொடங்கி இருந்தது. கிழக்கைப் பார்த்து நின்ற கேமராவை, காலி நாற்காலிகள் தெரியாதபடி, தெற்குக் கோல் பக்கமாகத் திருப்பிக்கொண்டிருந்தார்கள்.