வெள்ளிக்கிழமை இலைகள்

நான் பராமரிக்கும் யூத மூதாட்டி மிரியமுக்கு வெள்ளிக்கிழமைகளில் சூரியன் மறையுமுன் சபாத் என்னும் ஓய்வுநாள் விருந்துக்கான சலாட் தயாராகிவிட வேண்டும். நேற்றும் எலுமிச்சைச் சாறு, ஒலிவ் எண்ணெய், உள்ளி கலந்து அடித்து வைத்தேன். கோழி இறைச்சியோடு சாப்பிடுவதால், அவர்களின் உணவு விதிப்படி தயிர் கூடாது. பூச்சியும் கூடாது. லெற்றூஸ் இலைகளை ஒவ்வொன்றாக யன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தபோது, ஒன்றின் நரம்போரம் சின்னப் பச்சைப் புழு நெளிந்தது.

முன்பொரு நாள். எனக்கு ஒன்பது வயது. யாழ்ப்பாணத்து வீட்டுக் குசினியில் அம்மா என்னை வல்லாரை ஆயச் சொன்னார். விளையாடப் போகும் அவசரத்தில் அரைகுறையாக அலசிக் கொடுத்தேன். அம்மா துருவிய தேங்காய்ப்பூவும் தேசிக்காய்ப் புளியும் சேர்த்துச் சம்பல் போட்டார். அண்ணன் முதல் வாயிலேயே புழுவைக் கண்டான்.

“எனக்குச் சாப்பாடு வேண்டாம்!” என்று சாப்பாட்டுக் கோப்பையைத் தள்ளிவிட்டுச் சைக்கிளை எடுத்தான்.

“பசியோட போகாதை தம்பி, முட்டை பொரிச்சுத் தாறன்,” என்று அம்மா அண்ணனுக்குப் பின்னால் வாசல் படலைவரை ஓடினார்.

அன்று சந்தியில் குண்டு விழுந்தது. அண்ணன் திரும்பி வரவில்லை.

அம்மா என்னை ஒரு சொல்லும் ஏசவில்லை. முப்பது வருடம் கழித்து, கனடாவில் ஸ்காபரோ ஆஸ்பத்திரிக் கட்டிலில், நினைவு தப்பிக்கொண்டிருந்தபோதுதான் கேட்டார்.

“பிள்ளை, அண்டைக்கு நீ வல்லாரையை வடிவாப் பாத்தனியோ?”

“ஓம் அம்மா, ஒவ்வொரு இலையா வடிவாப் பாத்தனான்.”

அம்மா கண்ணை மூடிக்கொண்டார். நம்பினாரா என்று இன்றுவரை தெரியாது.

மிரியம் மெழுகுதிரிகளோடு வந்து, முடிந்ததா என்று கேட்டார். இன்னும் இல்லை என்று சொல்லி, பார்த்து வைத்திருந்த இலைகள் எல்லாவற்றையும் மறுபடி தண்ணீரில் போட்டேன்.